பாசியும் கதிரொளியும்

பாசி என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது குளத்துப் படிக்கட்டின் வழுக்கலே. வேரும் தண்டும் இலையும் இன்றி, பூவும் காயும் இன்றி வாழும் அச்சிறு உயிரைப் பயனற்றதென்று எண்ணுவோரே மிகுதி. அவ்வெண்ணம் தவறானது. உலகில் நிகழும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழப் பாதி கடலிலேயே நடைபெறுகின்றது. அதனைச் செய்வன பெரும்பாலும் தனித்தனியே கண்ணுக்குப் புலனாகாத நுண்பாசிகளும், அவற்றையொத்த நுண்ணுயிர்களுமே ஆகும். கடலில் வாழும் சிறு இறால் முதல் பெருந்திமிங்கிலம் வரை எண்ணற்ற உயிர்கள் அவற்றையே நேராகவோ மறைமுகமாகவோ நம்பி வாழ்கின்றன.

இப்பாசிகள் குளத்திலும் ஆற்றிலும் மட்டும் வாழ்வன அல்ல. வேறு செடிகொடிகள் தலைகாட்ட இயலாத இடங்களிலும் அவை குடியேறியுள்ளன. பகலிலும் இருள் சூழ்ந்த ஆழ்கடலில் பாசி உண்டு. துருவப் பனிக்கட்டியின் அடியில் பாசி உண்டு. கண் கூசும் பனிமலையின் மேலும், உப்பு விளையும் பாத்தியிலும், அமிலம் கலந்த வெந்நீர் ஊற்றிலும் பாசி உண்டு. இவ்விடங்களுள் சிலவற்றில் ஒளி மிகக் குறைவு. சிலவற்றில் அது தாங்கவொண்ணாத மிகுதி. ஒளியையே உணவாக்கி உயிர்வாழும் பாசி இவ்விரு நிலைகளையும் எவ்வாறு எதிர்கொள்கின்றது என்பது அறியத்தக்கதாகும்.

முதலில், பாசி ஒளியைக் கொள்ளும் முறையை அறிதல் வேண்டும். நம் நாட்டு ஏரி ஒன்றை எண்ணிப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். ஏரியில் மழை நேராக விழுந்து நிறையும் நீர் சிறிதளவே. சுற்றிலும் பரந்து கிடக்கும் நீர்ப்பிடிப்பு நிலத்தில் விழும் மழையே வரத்துக்கால்களின் வழியாக வந்து ஏரியை நிரப்புகின்றது. ஏரியிலிருந்து மதகின் வழியாக நீர் வயலுக்குப் பாய்கின்றது. வெள்ளம் மிகுந்தால் கரை உடையாதபடி மிகை நீரைக் கலிங்கு வெளியேற்றுகின்றது. இந்நான்கு அமைப்புகளும் பாசியின் உடலுக்குள்ளும் உண்டு என்றால் அது மிகையன்று.

பாசியின் பசுமைக்குக் காரணமான பொருள் பச்சையம் என்னும் நிறமியாகும். பாசியில் உள்ள பச்சைய மூலக்கூறுகள் அனைத்தும் நேராக உணவு ஆக்கும் வேலையில் ஈடுபடுவதில்லை. இவ்வுண்மைக்கு வழி காட்டியவர்கள் அமெரிக்க விஞ்ஞானிகளான எமர்சன், ஆர்னால்டு ஆகிய இருவர். அவர்கள் குளோரெல்லா என்னும் பச்சைப் பாசியின்மேல், கண்ணிமைப்பினும் குறுகிய நேரமே நீடிக்கும் ஒளிவீச்சுகளைப் பாய்ச்சி, அது வெளியிடும் உயிர்வளியை அளந்தனர். ஒளிவீச்சு ஒன்றுக்கு வெளிவந்த உயிர்வளி, அவர்கள் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக இருந்தது. ஏறத்தாழ 2,500 பச்சைய மூலக்கூறுகளுக்கு ஓர் உயிர்வளி மூலக்கூறே கிடைத்தது. இம்முடிவு 1932ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1936ஆம் ஆண்டில் காஃப்ரான், வோல் என்னும் இருவர் இதற்கு விளக்கம் தந்தனர். பல நூறு பச்சைய மூலக்கூறுகள் கூடி ஒளியைப் பிடிக்கின்றன. பிடித்த ஆற்றலை அவை ஒன்றுக்கொன்று கைமாற்றி ஒரு மையத்தில் கொண்டு சேர்க்கின்றன. அம்மையத்திலேயே வேதியியல் வேலை நிகழ்கின்றது என்பதே அவ்விளக்கத்தின் சாரம்.

இவ்வாறு ஒளியைப் பிடிக்கும் மூலக்கூறுகளின் கூட்டமே நீர்ப்பிடிப்பு நிலத்தைப் போன்றது. ஆற்றல் கைமாறிச் செல்லும் வழியே வரத்துக்கால். செயல் மையத்தையும், அதனைத் தொடர்ந்து கரியமிலவாயுவை மாவுப்பொருளாக்கும் பொறியமைப்பையும் மதகு என்று கொள்ளலாம். தேவைக்கு மிஞ்சிய ஆற்றலை வெப்பமாக மாற்றி வெளியேற்றும் அமைப்பு கலிங்காகும். ஒளி மிகுந்த வேளையில் இக்கலிங்கு இல்லையெனில், தேங்கிய ஆற்றல் உயிர்வளியோடு கூடி நச்சுத் தன்மையுள்ள பொருள்களைத் தோற்றுவிக்கும்; அவை பாசியின் உயிரணுவையே அழித்துவிடும்.

ஒளியின் எல்லா நிறங்களும் பச்சையத்துக்கு ஒரே அளவில் பயன்படுவதில்லை. செருமானிய அறிஞர் எங்கெல்மான் என்பவர் 1882ஆம் ஆண்டில் இதனை அழகியதொரு சோதனையால் காட்டினார். இழை போன்ற பச்சைப் பாசி ஒன்றை நுண்பெருக்கியின்கீழ் வைத்து, முப்பட்டகத்தால் பிரிக்கப்பட்ட ஏழு நிற ஒளியை அதன் நெடுகிலும் விழச் செய்தார். உயிர்வளியை நாடிச் செல்லும் பாக்டீரியாக்களை அந்நீரில் விட்டிருந்தார். சிறிது நேரத்தில் அவை சிவப்பு ஒளி விழுந்த இடத்திலும் நீல ஒளி விழுந்த இடத்திலும் மொய்த்தன. பச்சை ஒளி விழுந்த இடத்தில் அவை மிகக் குறைவு. பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் நன்கு கொள்ளும், பச்சை நிறத்தைப் பெரிதும் விட்டுவிடும் என்பது இதனால் விளங்கிற்று.

இனி ஆழ்கடலின் நிலையைக் காணலாம். கடல்நீர் ஒளியை விழுங்கும் இயல்புடையது. சிவப்பு ஒளி மேற்பரப்பை அடுத்த சில மீட்டர்களிலேயே பெரும்பாலும் மறைந்துவிடும். தெளிந்த கடலில் நீல ஒளியே மிக ஆழத்துக்குச் செல்லும். அங்கே பச்சையத்தை மட்டும் நம்பியிருக்கும் பாசிக்குச் சிவப்பு ஒளி கிட்டாது. நீலத்தை அடுத்துள்ள பசுநீல ஒளியோ பச்சையத்தால் நன்கு கொள்ளப்படாது. இக்குறையைச் செம்பாசிகள் வேறு நிறமிகளால் நிறைவு செய்கின்றன. அவற்றின் உயிரணுக்களில் ஃபைகோஎரித்ரின் என்னும் சிவந்த நிறமியும், ஃபைகோசயனின் என்னும் நீல நிறமியும் புரதத்தோடு இணைந்து விசிறி போல அடுக்கப்பட்டுள்ளன. விசிறியின் வெளி விளிம்பில் உள்ள சிவந்த நிறமி பசுநீல ஒளியையும் பச்சை ஒளியையும் பிடிக்கின்றது. பிடித்த ஆற்றல் அடுத்துள்ள நீல நிறமிக்கும், அங்கிருந்து பச்சையத்துக்கும் செல்கின்றது. உயர்ந்த படியிலிருந்து தாழ்ந்த படிக்கு நீர் தானே வழிந்தோடுவதுபோல ஆற்றலும் படிப்படியாக இறங்குகின்றது. இப்பயணம் முழுவதும் ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கினும் குறைந்த காலத்தில் முடிந்துவிடும். வழியில் வீணாகும் ஆற்றல் மிகச் சிறிது.

இவ்வமைப்பின் வலிமை 1984ஆம் ஆண்டில் நன்கு வெளிப்பட்டது. மார்க் லிட்லர், டயேன் லிட்லர் என்னும் அமெரிக்க விஞ்ஞானத் தம்பதியர் பகாமாத் தீவுகளுள் ஒன்றான சான் சால்வடாரை அடுத்த கடலில் நீர்மூழ்கிக் கலத்தின் உதவியால் ஆராய்ச்சி நடத்தினர். அங்கே 268 மீட்டர் ஆழத்தில், பாறையின்மேல் பக்குப் போலப் படர்ந்திருந்த கருஞ்சிவப்புப் பாசி ஒன்றைக் கண்டனர். மேற்பரப்பில் விழும் ஒளியில் இரண்டு இலட்சத்தில் ஒரு பங்கே அவ்வாழத்தை எட்டியது. மனிதக் கண்ணுக்கு ஏறக்குறைய இருளாகத் தோன்றும் அவ்விடத்தில் அப்பாசி தன் உணவைத் தானே ஆக்கி வாழ்ந்துகொண்டிருந்தது. மழை அருகிய நாட்டில் பரந்த நீர்ப்பிடிப்பைக் கொண்டு ஒரு சிற்றேரி நிறைவது போன்றதே இச்செயல்.

ஆழ்கடலில் ஒளி குறைவு என்றாலும் பகல்தோறும் அது வரும் என்னும் உறுதி உண்டு. வடதுருவக் கடலின் நடுப்பகுதியில் அவ்வுறுதியும் இல்லை. அங்கே கதிரவன் பல மாதங்கள் அடிவானத்துக்கு மேலே எழுவதே இல்லை. அந்நீண்ட இரவு முடிந்து கதிரவன் திரும்பி வந்தபின்னரும், கடலை மூடிய பனிக்கட்டியும் அதன்மேல் குவிந்த வெண்பனியும் ஒளியைத் தடுத்து நிற்கும். அத்தகைய கடலில் வாழும் நுண்பாசிகளுள் டயாட்டம் என்பவை சிறந்தவை. கண்ணாடி போன்ற சிலிக்கா ஓடுகளை உடைய இவை, ஃபூக்கோசாந்தின் என்னும் பழுப்பு நிறமியால் நீல ஒளியையும் பசுநீல ஒளியையும் பிடிப்பவை. பனிக்கட்டியின் அடிப்புறத்தை இவை பொன்னிறமாகவும் பழுப்பாகவும் ஆக்கிவிடும்.

இப்பாசிகள் எவ்வளவு குறைந்த ஒளியில் தொழிலைத் தொடங்கும் என்பதை அறிய 2019, 2020ஆம் ஆண்டுகளில் ஒரு பெருமுயற்சி நடைபெற்றது. செருமானிய நாட்டின் 'போலார்ஸ்டெர்ன்' என்னும் ஆராய்ச்சிக் கப்பல் பனிக்கட்டியில் உறையவிடப்பட்டு, அதனோடு மிதந்து துருவக் கடலின் நடுவே சென்றது. பல நாட்டு விஞ்ஞானிகள் அதில் இருந்தனர். துருவ இரவு முடிந்து சில நாள்களே ஆன 2020ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில், பனிக்கு அடியில் உள்ள நீரில் நுண்பாசிகள் வளரத் தொடங்கியிருந்தமையை அவர்கள் கண்டனர். அப்போது அங்கிருந்த ஒளி, நடுப்பகல் வெயிலில் ஏறத்தாழ ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கே. 2024ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட இம்முடிவு அறிஞர்களை வியப்பில் ஆழ்த்தியது; ஒளிச்சேர்க்கைக்கு வேண்டிய மிகக் குறைந்த ஒளி இவ்வளவே எனக் கணக்கிட்டிருந்த எல்லைக்கு மிக அருகில் அது இருந்தது.

இச்செய்தி பாசிக்கு மட்டும் உரியதன்று. வடதுருவக் கடலில் மிதக்கும் சிற்றுயிர்கள் இப்பாசியை உண்கின்றன. அவற்றை மீன்கள் உண்கின்றன. மீன்களைக் கடல்நாய்கள் உண்கின்றன. கடல்நாயை வெண்கரடி வேட்டையாடுகின்றது. குளிர்காலத்தின் இறுதியில் பசித்திருக்கும் இவ்வுயிர்த் தொடர் முழுவதும், பனிக்கடியில் மங்கிய ஒளியைப் பிடிக்கும் ஒரு நுண்பாசியைச் சார்ந்துள்ளது.

ஆயினும் பனிக்கடியில் வாழும் பாசிக்கு இன்னோர் இடர் உண்டு. இருளில் வாழ்வதற்காக அது நிறமிகளைப் பெருக்கித் தன் ஒளிப்பிடிப்பை விரித்து வைத்துள்ளது. திடீரென்று பனி பிளந்தாலோ, மேலிருந்த வெண்பனி உருகினாலோ, கோடைக் கதிரொளி அதன்மேல் நேராகப் பாயும். சிறுமழைக்கென்று வெட்டிய கால்வாய்களில் பெருவெள்ளம் புகுந்தாற்போன்ற நிலை அது. அவ்வேளையில் டயாட்டத்தினுள் இருக்கும் ஒரு மஞ்சள் நிறமி சில நிமிடங்களுக்குள் வேறொரு நிறமியாக மாறுகின்றது. புதிதாய்த் தோன்றிய நிறமி மிகை ஆற்றலை வெப்பமாக்கி வெளியேற்ற உதவுகின்றது. ஒளி குறைந்ததும் அது மீண்டும் பழைய நிறமியாகிவிடும். வேண்டும்போது திறந்து, வேண்டாதபோது மூடும் கலிங்கு இதுவே.

தென்துருவக் கண்டத்தின் கரைநிலத்தில் பிரசியோலா என்னும் பச்சைப் பாசி வேறொரு வழியைக் கையாளுகின்றது. கடுங்குளிரும் வறட்சியும் மிக்க அந்நிலத்தில் இது அடுக்கடுக்காகப் படர்ந்து வளரும். மேலடுக்கு சுடும் ஒளியைத் தாங்கிக்கொண்டு கீழடுக்குகளைக் காக்கின்றது. ஆனால் பச்சையம் கொள்ளத்தக்க சிவப்பையும் நீலத்தையும் மேலடுக்கே பெரும்பாலும் எடுத்துக்கொள்கின்றது. கண்ணுக்கு அரிதாகவே புலப்படும் தூரச்சிவப்பு ஒளியே கீழடுக்குக்கு எஞ்சுகின்றது. அவ்வொளியின் துகள் ஒவ்வொன்றும், உயிர்வளியை வெளியிடும் செயல் மையத்துக்கு வேண்டிய ஆற்றலைவிடச் சற்றுக் குறைந்த ஆற்றலே உடையது.

இப்பாசி அவ்வொளியையும் வீணாக்குவதில்லை. அதன் உடலில் பதினொரு புரதங்கள் வளையமாகக் கோக்கப்பட்ட ஒளிப்பிடிப்பு ஒன்று உண்டு என்பதனை ஜப்பானிய ஆராய்ச்சியாளர் கண்டறிந்து, 2023ஆம் ஆண்டில் அதன் வடிவத்தை விளக்கினர். அவ்வளையத்தில் நெருங்கி அமைந்த சில பச்சைய மூலக்கூறுகள் தூரச்சிவப்பு ஒளியைப் பிடிக்கின்றன. குறைந்துள்ள ஆற்றலைச் சுற்றுப்புற வெப்பத்திலிருந்து பெற்று நிறைவு செய்து, அவை செயல் மையத்துக்கு அனுப்புகின்றன. செம்பாசியில் ஆற்றல் மேலிருந்து கீழே வழிந்தது. இங்கோ அது கீழிருந்து மேலே ஏற்றப்படுகின்றது. பள்ளத்தில் கிடக்கும் நீரை ஏற்றம் கொண்டு இறைத்து மேட்டு வயலுக்குப் பாய்ச்சும் உழவரின் செயலோடு இதனை ஒப்பிடலாம்.

இதுவரை கூறியவை பெரும்பாலும் ஒளி குறைந்த இடங்கள். ஒளி மிகுந்த இடங்களில் பாசியின் கவலை வேறு. 1818ஆம் ஆண்டில் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் ஜான் ராஸ் வடதுருவப் பகுதியில் கடல்வழி தேடிச் சென்றபோது, கிரீன்லாந்தின் வடமேற்குக் கரையில் உள்ள குன்றுகளின்மேல் பனி செந்நிறமாகக் கிடப்பதைக் கண்டார். அக்குன்றுகளுக்குச் செங்குன்றுகள் எனப் பொருள்படும் பெயரையே இட்டார். அச்சிவப்பு எதனால் வந்தது என்பதில் அக்காலத்தில் கருத்து வேற்றுமைகள் எழுந்தன. பனியில் வாழும் ஒரு நுண்பாசியே அதற்குக் காரணம் என்பது பின்னர் உறுதியாயிற்று.

புதுப்பனி தன்மேல் விழும் ஒளியில் பத்தில் எட்டு அல்லது ஒன்பது பங்கைத் திருப்பி அனுப்பும். ஆகவே பனியில் வாழும் பாசிக்கு மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் ஒளி வந்து தாக்குகின்றது. புற ஊதாக் கதிர்களும் அங்கே மிகுதி. குளிரிலோ உயிரணுவின் வேதிவினைகள் மெல்லவே நடைபெறும். வெள்ளம் பெரிது, மதகோ சிறிது என்னும் நிலை இது. எனவே இப்பாசி அஸ்டாசாந்தின் என்னும் சிவந்த நிறமியைத் தன் உயிரணுவுக்குள் எண்ணெய்த் துளிகளில் நிறைத்துக்கொள்கின்றது. அந்நிறமி ஒளியைப் பிடிக்கின்றதேயன்றிச் செயல் மையத்துக்குத் தருவதில்லை. பச்சையத்தின்மேல் விரித்த குடை போல அது நிற்கின்றது. அது பிடித்த ஒளி வெப்பமாகி அருகிலுள்ள பனியைச் சிறிது உருக்குகின்றது. பாசிக்கு வேண்டிய நீரும் அதனால் கிடைக்கின்றது.

பாசிக்கு நன்மையான இச்செயல் பனிவெளிக்குத் தீமையாகவும் முடியலாம். வெண்பனி ஒளியைத் திருப்பி அனுப்புவதால்தான் விரைவில் உருகாமல் நிற்கின்றது. அது சிவந்துவிட்டால் மிகுந்த ஒளியை உள்வாங்கி விரைவில் உருகும். பனி உருகும் பருவம் ஒன்றில் இப்பாசிகளால் பனியின் ஒளி திருப்பும் திறன் 13 விழுக்காடு வரை குறையக்கூடும் என்று 2016ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி கூறுகின்றது. உலகம் வெப்பமடைந்து வரும் இந்நாளில் இது கருத்தில் கொள்ளத்தக்கது. கண்ணுக்குப் புலனாகாத ஓர் உயிரின் நிறம் ஒரு பனிமலையின் வாழ்நாளைக் குறைக்கவும் வல்லது.

குடை பிடிக்கும் பாசி நம் நாட்டிலும் உண்டு. தூத்துக்குடி உப்பளங்களில் உப்பு முற்றும் பாத்திகள் சில வேளைகளில் இளஞ்சிவப்பாகத் தோன்றும். உப்பை விரும்பும் சில நுண்ணுயிர்களோடு டுனாலியெல்லா என்னும் பாசியும் அந்நிறத்துக்குக் காரணமாகும். பிரான்சு நாட்டின் தென்பகுதியில் உள்ள உப்பளங்களில் இதனை டுனால் என்னும் அறிஞர் 1838ஆம் ஆண்டில் கண்டார். 1905ஆம் ஆண்டில் அவர் பெயரே இதற்கு இடப்பட்டது. கடல்நீரில் உப்பு நூற்றுக்கு மூன்றரைப் பங்கு. அதனினும் பன்மடங்கு உப்பு மிக்க நீரில் இப்பாசி வாழ்கின்றது. உப்புநீர் தன் உடலின் நீரை உறிஞ்சிவிடாதபடி அது கிளிசரினை உள்ளே ஆக்கி வைத்துக்கொள்ளும். நிழலற்ற பாத்தியில் வெயில் மிகும்போது, காரட்டுக் கிழங்குக்கு நிறம் தரும் கரோட்டின் என்னும் பொருளைப் பெருமளவில் சேர்த்து ஒளியை மறைக்கும். அதன் உலர்ந்த எடையில் பத்தில் ஒரு பங்குவரை கரோட்டின் சேர்வதுண்டு. இதனால் ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் கரோட்டின் எடுப்பதற்கென்றே இப்பாசி வளர்க்கப்படுகின்றது.

அமெரிக்காவின் எல்லோஸ்டோன் என்னும் இடத்தில் அமிலம் நிறைந்த வெந்நீர் ஊற்றுகள் உள்ளன. சயனிடியம் என்னும் பாசியும் அதன் இனத்தைச் சேர்ந்த பிறவும் அவற்றில் வாழ்கின்றன. தோலைப் புண்ணாக்கும் அமிலத்திலும், 56 டிகிரி செல்சியஸ் வரையுள்ள வெப்பத்திலும் இவை அழிவதில்லை. பொதுவாகப் புரதம் வெப்பத்தால் குலைந்துவிடும். வெந்த முட்டை இறுகுவது அதனாலேயே. ஆனால் இப்பாசியின் ஒளிப்பிடிப்பில் உள்ள நீல நிறமிப் புரதம் வெப்பத்தைத் தாங்கும் உறுதியுடையது. இவ்வினத்துள் ஒன்றான கால்டீரியா, ஒளி கிட்டாதபோது சருக்கரை முதலிய பொருள்களை உண்டு இருளிலும் வளரும் ஆற்றல் பெற்றது.

இவ்வாறு இடத்துக்கேற்பப் பாசிகள் கைக்கொள்ளும் வழிகள் பலவாயினும், அவற்றின் நோக்கம் ஒன்றே. கிடைக்கும் ஒளி முழுவதையும் வாரிக்கொள்வது அன்று அந்நோக்கம். தன் மதகு தாங்கும் அளவுக்கு ஒளியைக் கொள்வதேயாகும். ஒளி அரிதாகிய இடத்தில் ஒரு துகளும் வீணாகாதபடி ஒளிப்பிடிப்பு விரிகின்றது. அது பெருகிய இடத்தில் குடை விரிகின்றது, கலிங்கு திறக்கின்றது. இவ்வளவைத் தவறவிட்ட உயிரணு, இருளில் பட்டினியாலும், வெயிலில் ஒளியின் மிகையாலும் மாண்டுபோகும்.

குளத்துப் படிக்கட்டில் படர்ந்திருக்கும் எளிய பாசியும் இத்தொழிலையே செய்கின்றது. காலையில் ஆலமர நிழல் அதன்மேல் விழுகின்றது. நண்பகலில் வெயில் சுடுகின்றது. மாலையில் மேகம் மறைக்கின்றது. அவ்வப்போது ஒளிக்கேற்பத் தன்னை மாற்றிக்கொண்டு அது நீரின் ஓரத்தில் அமைதியாக வாழ்கின்றது. அதன்மேல் கால் வைக்குமுன் சற்று நின்று நோக்குவோர், வழுக்கலிலிருந்து தப்புவதோடு, ஓர் அரிய தொழிலையும் கண்டவராவர்.